அவள் நிஜமாகவே நோயாளியாக இருந்திருந்தால்?

முதல் பாகத்தில் வாசகர்கள் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடிய ஒரு பெண்ணை, இரண்டாம் பாகத்தில் ஒரு நாடே சேர்ந்து வேட்டையாடுகிறது. ஸ்வீடன் எழுத்தாளர் ஸ்டீக் லார்சனின் ‘தி கேர்ல் ஹூ ப்ளேய்ட் வித் ஃபயர்’ நாவலின் கதையைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான். அதற்கு முந்தைய நாவலான ‘தி கேர்ல் வித் தி டிராகன் டாட்டூ’வைப் படித்தவர்கள் லிஸ்பெத் சாலண்டரை மறக்க மாட்டார்கள். ஒல்லி உடம்பு. எவரையும் நம்பாத சுபாவம். எந்தக் கணினிக்குள்ளும் நுழைந்துவிடும் மூளை. தன்னைச் சீரழித்தவனுக்குத் தானே தண்டனை கொடுத்தவள். லார்சன் 2004 நவம்பரில், ஐம்பதாவது வயதில், மாரடைப்பால் இறந்தார். முதல் நாவல் 2005-இலும் இரண்டாவது 2006-இலும் மூன்றாவது 2007-இலும் வெளிவந்தன. தன் நாவல்களில் ஒன்றைக்கூட அச்சில் பார்க்கக் கொடுத்துவைக்காத மனிதர், உலகம் முழுக்க வாசகர்களின் தூக்கத்தைக் கெடுத்தார்.

இரண்டாம் பாகத்தில் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். பெண்களைக் கடத்தி விற்கும் கும்பலைப் பற்றித் துப்பறிந்து எழுதிவந்த ஒரு பத்திரிகையாளர். அதே விஷயத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்த அவருடைய துணைவி. மூன்றாவது ஆள், லிஸ்பெத்துக்கு நீதிமன்றம் நியமித்த சட்டக் காப்பாளரான வழக்கறிஞர். துப்பாக்கியில் லிஸ்பெத்தின் கைரேகை இருக்கிறது. போலீஸ் அவளுடைய கோப்பைப் புரட்டுகிறது. பன்னிரண்டு வயதிலேயே சிறுவர் மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டவள் என்றும், பதினெட்டு வயதில் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளத் தகுதியில்லாதவள் என்று நீதிமன்றத்தால் முடிவு கட்டப்பட்டவள் என்றும் அதில் எழுதியிருக்கிறது. அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை. அவள் ஏன் கொல்ல வேண்டும், கைரேகை எப்படி வந்தது, வேறு யாருக்கு இந்தச் சாவுகளால் ஆதாயம் என்று கேட்க ஒருவருக்கும் பொறுமையில்லை. பத்திரிகைகள் அவளைப் பிசாசாகவே வரைந்துவிடுகின்றன. மருத்துவக் கோப்பு குற்றப் பத்திரிகையாக மாறிவிடுகிறது.

லார்சன் இங்கே ஒன்றைக் கூர்மையாகக் காட்டுகிறார். லிஸ்பெத்தோடு பழகியவர்கள், அதாவது அவளுக்கு வேலை கொடுத்த முதலாளி அர்மான்ஸ்கி, முன்பு காப்பாளராக இருந்த முதியவர் பால்ம்கிரேன், பத்திரிகையாளர் ப்ளோம்க்விஸ்ட் ஆகியோர் அவளைக் கொலைகாரி என்று நம்ப மறுக்கிறார்கள். அவளை ஒருமுறைகூடப் பார்த்திராதவர்கள்தாம் உறுதியாக நம்புகிறார்கள். படிக்கிற நமக்கு ரத்தம் கொதிக்கிறது. அந்தக் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நம் ஊருக்கு வாருங்கள்.

இந்த நாவலை மலேசியாவின் ஜொகூரில் உள்ள தம்போயில் உட்கார்ந்து படிப்பதும் வேறெங்கோ உட்கார்ந்து படிப்பதும் ஒன்றல்ல. இங்கே, கெம்பாஸுக்குப் போகும் வழியில், 1937 முதல் ஒரு மனநல மருத்துவமனை இருக்கிறது. இன்று அதன் பெயர் பெர்மாய் மருத்துவமனை. நாட்டில் மனநலத்துக்கென்றே உள்ள பெரிய அரசு மருத்துவமனைகள் நான்கில் இது ஒன்று. 1941-இன் இறுதியில், போர் நெருங்கிய நேரத்தில், ஆஸ்திரேலிய ராணுவத்தின் 13-ஆவது பொது மருத்துவமனை இந்தக் கட்டடங்களில்தான் இயங்கியது. 1942 ஜனவரியில் ஜப்பானியப் படை ஜொகூரை நெருங்கியதும் அது சிங்கப்பூருக்கு நகர்ந்தது. அடுத்த மாதம் பாங்கா தீவில் செவிலியர்களைக் கடலுக்குள் இறக்கிச் சுட்ட கொடுமையில் உயிர் தப்பிய விவியன் புல்விங்கல் அந்த மருத்துவமனையின் செவிலியர்தான். அவர் பெயரை ஆஸ்திரேலியா இன்றும் போற்றுகிறது, போற்ற வேண்டியதுதான். ஆனால் அந்தக் கட்டடங்கள் முதலில் யாருக்காகக் கட்டப்பட்டனவோ, அந்த நோயாளிகளில் ஒருவர் பெயரையாவது நம்மில் யாராவது சொல்ல முடியுமா?

பெயர் தெரியாவிட்டால் போகட்டும். அவர்களை நாம் வேறொரு விதத்தில் தினமும் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஜொகூரில் ஒருவனை மட்டம் தட்ட ‘தம்போய்க்கு அனுப்பு’ என்றால் போதும். பேராக்கில் தஞ்சோங் ரம்புத்தான், சென்னையில் கீழ்ப்பாக்கம், கொழும்பில் அங்கொடை. எங்கெல்லாம் தமிழர் இருக்கிறார்களோ அங்கெல்லாம் ஒரு ஊர்ப் பெயர் வசைச் சொல்லாகத் தயாராக இருக்கிறது.

ஒருநாள் காலை இங்கே ஒட்டுக்கடை ஒன்றில் பக்கத்து மேசைப் பேச்சு காதில் விழுந்தது. இருவரும் லார்சன் கதையின் படத்தைப் பார்த்தவர்கள். இளையவர் உருகிப்போய்ப் பேசினார். “அந்தப் புள்ளயக் கட்டில்ல கட்டிப்போடுவானுங்கண்ணே, பாக்க முடியல. ஒரு தப்பும் செய்யாத புள்ள.” மூத்தவர் தே தாரேக்கை ஆற்றிக்கொண்டே தலையாட்டினார். அதற்குள் இளையவரின் கைப்பேசியில் ஏதோ ஒரு கத்திக்குத்துச் செய்தி வந்தது. மகனே தகப்பனைக் குத்தியதாகச் செய்தி. படித்து முடித்த அடுத்த நொடி அவர் வாயிலிருந்து வந்தது: “தம்போய் கேஸா இருக்கும்ணே.” மூத்தவர் அதற்கும் அதே மாதிரி தலையாட்டினார். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். நாவலில் வரும் ஸ்டாக்ஹோம்வாசிகளும் கெட்டவர்கள் அல்லர். செய்தியில் ஒரு கத்திக்குத்து, மனத்தில் ஒரு கோப்பு. இரண்டையும் முடிச்சுப் போட அவர்களுக்குச் சாட்சி எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பகுத்தறிவு பேசுகிற நமக்கு இந்த இடத்தில் ஒரு கடமை இருக்கிறது. சாட்சியில்லாமல் நம்புவதற்குத்தானே மூடநம்பிக்கை என்று பெயர்? ஊரில் வாந்திபேதி வந்தால் யாரோ ஒரு கிழவியைச் சூனியக்காரி என்றார்கள். பிள்ளை செத்துப் பிறந்தால் மருமகளின் ராசி என்றார்கள். விளங்காத துன்பத்துக்கு விளக்கம் தேடி ஆதரவற்ற ஓர் ஆளின்மேல் பழியைப் போடுவது மூடநம்பிக்கையின் பழைய வழி. இன்று பேயும் சூனியமும் பேசினால் படித்தவர்கள் சிரிப்பார்கள். அதனால் அந்த நாற்காலியில் ‘சைக்கோ’வை உட்கார வைத்திருக்கிறோம். குற்றக் கதை எழுதுகிறவருக்கும் அது பெரிய வசதி. கொலைக்குக் காரணம் கண்டுபிடிக்க வேண்டிய கஷ்டம் மிச்சம். ‘சிகப்பு ரோஜாக்கள்’ 1978-இல் வந்தது. ‘ராட்சசன்’ 2018-இல் வந்தது. 2020-இல் ‘சைக்கோ’ என்ற பெயரிலேயே ஒரு படம் வந்தது. நாற்பது ஆண்டுகளாக நம் திரில்லர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்த பாடம், காரணமில்லாமல் கொல்பவன் மனம் கெட்டவனாகத்தான் இருப்பான் என்பது. பாடம் நன்றாக மனப்பாடம் ஆகிவிட்டது. ஒட்டுக்கடையில் அதைத்தான் ஒப்பித்தார்கள்.

உண்மை என்ன? லார்சனின் நாட்டிலேயே பார்ப்போம். அவருடைய இரண்டாம் நாவல் வந்த அதே 2006-ஆம் ஆண்டில், ஸ்வீடனின் 1988 முதல் 2000 வரையிலான மருத்துவமனைப் பதிவுகளையும் குற்றப் பதிவுகளையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு வெளியானது. செய்தவர்கள் சீனா ஃபசேல், மார்ட்டின் கிரான் என்ற இரு ஆய்வாளர்கள். நாட்டில் நடந்த வன்முறைக் குற்றங்களில் தீவிர மனநோயாளிகளின் பங்கு ஏறக்குறைய 5 விழுக்காடு என்பது அவர்கள் கண்ட முடிவு. அதாவது நூற்றில் தொண்ணூற்றைந்தை, நம்மைப் போல அப்படிப்பட்ட நோய் இல்லாதவர்கள்தாம் செய்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு சிகாகோவில் லிண்டா டெப்ளினும் அவர் குழுவினரும் கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்டார்கள்: தீவிர மனநோயாளிகள் எத்தனை பேர் வன்முறைக்கு ஆளாகிறார்கள்? ஒரே ஆண்டில் நான்கில் ஒருவருக்கு மேல். மற்றவர்களோடு ஒப்பிட்டால் பதினொரு மடங்குக்கும் அதிகம். நாம் யாரைக் கண்டு பயப்படுகிறோமோ அவர்தான் நம் உலகத்தில் பயந்து வாழ வேண்டியவர்.

‘அப்படியானால் ஆபத்தே இல்லையா?’ என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதை மழுப்புவது பகுத்தறிவு ஆகாது. சிகிச்சை கிடைக்காத சில நோயாளிகளிடம், குறிப்பாகக் குடியும் போதைப்பொருளும் சேரும்போது, வன்முறை கூடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. பெற்ற மகனின் கையாலேயே அடிபட்ட தாய்மார்கள் உண்டு. அவர்களுடைய பயம் கற்பனை அல்ல. ஆனால் அந்த உண்மை எந்தப் பக்கம் கை காட்டுகிறது? குடிப்பவர்களில் சிலர் கொலை செய்கிறார்கள் என்பதற்காகக் குடிப்பவரையெல்லாம் கொலைகாரர் பட்டியலில் நாம் எழுதுவதில்லை. சிகிச்சை கிடைத்தால் ஆபத்து குறைகிறது என்றால், மனிதர்களைச் சிகிச்சையிலிருந்து விரட்டுகிற எதுவும் ஆபத்தைக் கூட்டுகிறது என்றுதானே பொருள்? அப்படி விரட்டுவதில் முதலிடம் நம் ஏளனத்துக்கு.

எங்கள் குடியிருப்பில் ஓர் இளைஞன் இருக்கிறான். தொழிற்சாலையில் வேலை. சில ஆண்டுகளுக்கு முன் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. வீட்டார் முதலில் ஒரு சாமியாரிடம் அழைத்துப் போனார்கள். கையில் மந்திரித்த கயிறு ஏறியது, காசு கரைந்தது, குரல்கள் நிற்கவில்லை. பிறகுதான் மருத்துவமனைக்கு வந்தார்கள். இப்போது மாதம் ஒரு ஊசி. குரல்கள் அடங்கிவிட்டன. உடம்பு பருத்துவிட்டது, தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும்போது விரல்கள் லேசாக நடுங்கும். வேலையில் ஒரு குறையும் இல்லை. ஊசி போட்டுக்கொள்ளும் நாளில் அவனுக்கு எம்.சி. என்கிற மருத்துவ விடுப்புச் சீட்டு எடுக்க உரிமை உண்டு. அவன் எடுப்பதில்லை. ஒவ்வொரு முறையும் ஆண்டு விடுப்பில் ஒரு நாளைக் கழித்துக்கொள்கிறான். காரணத்தை அவன் அம்மா சொன்னார்: “எம்.சி. குடுத்தாலும் கொண்டுபோய்க் குடுக்க மாட்டான் தம்பி. சீட்டுக்கு மேலயே ஆஸ்பத்திரி பேரு அடிச்சிருக்குல்ல.”

அந்தச் சீட்டைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஒரு தாள். மேலே மருத்துவமனையின் பெயர், நடுவில் நோயாளியின் பெயர், கீழே மருத்துவரின் கையெழுத்து. நீரிழிவுக்குப் போனவர் அதே மாதிரி சீட்டை மேற்பார்வையாளரின் மேசையில் போட்டுவிட்டுப் போகலாம். முதுகுவலிக்குப் போனவர் போடலாம். இவன் மட்டும் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் அந்தத் தாள் மேசைமேல் விழுந்த நாள் முதல் அவனுடைய ஒவ்வொரு கோபமும் அறிகுறியாகும். ஒவ்வொரு மௌனமும் அறிகுறியாகும். தொழிற்சாலையில் ஏதாவது காணாமல் போனால் முதல் பார்வை அவன்மேல் திரும்பும். லிஸ்பெத்துக்கு ஸ்டாக்ஹோம் செய்ததை அவனுக்குத் தம்போய் செய்துவிடும் என்பது அவனுக்குத் தெரியும். அவன் நாவல் படிக்கிறவன் அல்ல. அவனுக்கு அந்தக் கதை தேவையும் இல்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயம். இது லார்சனின் ரசிகர்களுக்குக் கசக்கும்.

லிஸ்பெத்துக்காக நாம் ஏன் கொதிக்கிறோம்? நாவலின் தொடக்கத்திலேயே ஒரு சிறுமி கட்டிலோடு வாரால் கட்டப்பட்டுக் கிடக்கிறாள். அன்று அவளுக்குப் பதின்மூன்றாவது பிறந்தநாள். கதை போகப்போக உண்மை வெளிவருகிறது. அவளுடைய அப்பன் சோவியத் உளவாளியாக இருந்து ஸ்வீடனுக்கு ஓடிவந்தவன். ரகசியப் போலீசின் ஒரு பிரிவு அவனைப் பொத்திப் பாதுகாக்கிறது. அவன் அவளுடைய தாயை அடித்தே மூளையைச் சிதைத்தவன். தாயைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல் அந்தச் சிறுமி அவன்மேல் பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தினாள். அவள் வாயை அடைக்க ஒரு மனநல மருத்துவர் துணைபோனார். கோப்பு முழுக்கப் பொய். அவளுக்கு மனநோயே கிடையாது. நம் நெஞ்சிலிருந்து எழும் கூக்குரல் இது: ‘நல்லா இருந்த புள்ளயப் பைத்தியம்னு கட்டிப்போட்டானுங்களே!’

அந்தக் கூக்குரலை ஒரு நிமிடம் நிறுத்திக் கேளுங்கள். அதில் நமக்கு அநியாயமாகப் படுவது எது? ஒரு குழந்தையைக் கட்டிப்போட்டதா? நோயில்லாத குழந்தையைக் கட்டிப்போட்டதா?

அவளுக்கு நிஜமாகவே நோய் இருந்திருந்தால்? குரல்கள் கேட்டிருந்தால்? கணினியைத் திறக்கும் அபார மூளை இல்லாமல், மருந்தின் மயக்கத்தில் வாயில் எச்சில் ஒழுக நடக்கும் ஒரு சாதாரணப் பெண்ணாக இருந்திருந்தால்? அப்போது அந்த வாரும் கட்டிலும் சரியாகிவிடுமா? காப்பாளர் அவளைச் சீரழித்தது கொஞ்சம் குறைந்த குற்றமாகிவிடுமா? மூன்று கொலைகளை அவள்மேல் சுமத்தியது பொருத்தமாகிவிடுமா? ‘ஆகாது’ என்று வாய் சொல்லும். ஆனால் லார்சன் அப்படி ஒரு கதையை எழுதியிருந்தால் லட்சக்கணக்கில் விற்றிருக்குமா? நம் இரக்கத்துக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் நம்மைப் போலத் தெளிவானவர் என்று முதலில் நிரூபிக்க வேண்டும். நிரூபித்த பிறகுதான் கண்ணீர்.

இந்த நிபந்தனை ஸ்வீடனுக்கு மட்டும் உரியதல்ல. 1999-இல் பாலா இயக்கிய ‘சேது’ வந்தது. மூளையில் அடிபட்டுச் சித்தம் கலங்கிய விக்ரம், மடத்தில் சங்கிலியில் கிடக்கிறான். திரையரங்கமே அழுதது. எப்போது அதிகமாக அழுதது? அவனுக்குத் தெளிவு வந்துவிட்டது என்று நமக்குத் தெரிந்தபிறகும் அவன் அங்கேயே கிடந்தபோது. ‘குணமாகிடுச்சே, விட்டுடுங்களேன்டா’ என்று நாம் உள்ளுக்குள் கதறினோம். அவனைச் சுற்றிலும் சங்கிலியில் கிடந்த மற்றவர்களுக்கு அந்தத் தெளிவு வரவில்லை. அவர்களை அவிழ்த்துவிடச் சொல்லி நாம் யாரும் கதறவில்லை. அவர்கள் நமக்குக் காட்சியின் பின்னணியாக மட்டும் இருந்தார்கள்.

அடுத்த இரண்டே ஆண்டுகளில், 2001 ஆகஸ்ட் 6 அன்று, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநல இல்லத்தின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அங்கிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் கருகிச் செத்தார்கள். குணமாகும் என்று நம்பிப் புனிதத்தலத்தைத் தேடிவந்த குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். அந்த நம்பிக்கைக்கு மதம் கிடையாது. ஏர்வாடி தர்காவுக்கு இந்துக்களும் போனார்கள், குணசீலம் போன்ற கோயில்களுக்கும் குடும்பங்கள் போகின்றன. அந்த 28 பேரில் ஒருவருக்காவது ‘இவருக்குத் தெளிந்துவிட்டது’ என்று நிரூபித்துக் காட்ட ஒரு கதாசிரியர் வாய்க்கவில்லை. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. பல ஆண்டுகள் கழித்து வந்த இந்திய மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை அடியோடு தடை செய்கிறது. சட்டம் சரியான இடத்தைத் தொட்டது. நோய் நிஜமா பொய்யா என்ற கேள்வியை அது கேட்கவே இல்லை. நோய் நிஜம்தான், ஆனாலும் கட்டாதே என்றது.

மலேசியாவிலும் சட்டம் நகர்ந்திருக்கிறது. 1952-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை ஒதுக்கிவிட்டு 2001-இல் மனநலச் சட்டம் இயற்றப்பட்டு, 2010-இல் நடைமுறைக்கு வந்தது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய தண்டனைச் சட்டம் 309-ஆவது பிரிவு 2023-இல்தான் நீக்கப்பட்டது. அதுவரை, சாகத் துணிந்த அளவுக்கு வேதனைப்பட்ட ஒருவரை மருத்துவமனைக் கட்டிலிலிருந்து நேராக நீதிமன்றக் கூண்டில் ஏற்றச் சட்டத்தில் இடம் இருந்தது.

திரில்லர் ரசிகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பிரிவும் உண்டு. தண்டனைச் சட்டத்தின் 84-ஆவது பிரிவு, சித்த சுவாதீனமில்லாமல் தான் செய்வது என்னவென்றோ அது தவறென்றோ அறிய முடியாத நிலையில் ஒருவர் செய்தது குற்றமாகாது என்கிறது. இங்கிலாந்தில் 1843-இல் எழுந்த மெக்நாட்டன் வழக்கின் விதியிலிருந்து பிறந்து, 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டம் வழியாக நமக்கு வந்த பிரிவு அது. படங்களில் வக்கீல் இந்தப் பிரிவைச் சொல்லி வில்லனைத் தப்பிக்க வைப்பார். நாமும் பல்லைக் கடிப்போம். நிஜத்தில் நடப்பது என்ன? குற்றவாளி அல்ல என்று விடுவிக்கப்பட்டவர் வீட்டுக்குப் போவதில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 348-ஆவது பிரிவின்படி, மாநில ஆட்சியாளரின் விருப்பம் உள்ளவரை மனநல மருத்துவமனையில் வைக்கப்படலாம். அதற்குத் தேதி கிடையாது. திருடிவிட்டு மூன்றாண்டு தண்டனை பெற்றவன் வெளியே வரும் நாளை விரல்விட்டு எண்ணலாம். குற்றமற்றவர் என்று தீர்ப்புப் பெற்ற நோயாளியால் எண்ண முடியாது. ‘பைத்தியம்னு சொல்லித் தப்பிச்சுடுவான்’ என்று சொல்வோர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

இப்போது என் சொந்த முகாமைப் பார்த்துக் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். பெரியார் 1929-இலும் 1954-இலும் மலாயாவுக்கு வந்தார். அவருடைய பேச்சைக் கேட்டுத் தெளிந்த தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நாம். எதையும் கேள்வி கேள் என்றார். பிறப்பை வைத்து ஒருவனைத் தாழ்த்தாதே என்றார். அந்த வழியில் வந்தவர்களின் மேடைகளில் பக்தனைப் பார்த்து என்ன சொல்கிறோம்? ‘பைத்தியக்காரன்’ என்கிறோம். அலகு குத்துகிறவனைப் பார்த்து ‘கீழ்ப்பாக்கத்தில் சேர்க்க வேண்டிய கேஸ்’ என்கிறோம். கூட்டம் கைதட்டுகிறது. மூடநம்பிக்கையைக் கண்டிக்கப் போய், அந்தக் கூட்டத்தின் கடைசி வரிசையில் மகனோடு உட்கார்ந்திருக்கும் ஒரு தாயை அடித்துவிட்டுப் போகிறோம். நாளை அந்தப் பிள்ளைக்கு மருந்து தீர்ந்தால் அவள் மருத்துவமனைக்குப் போவாளா, மந்திரிப்பவரிடம் போவாளா? மந்திரிப்பவர் ‘உன் பிள்ளைமேல் தப்பில்லம்மா, யாரோ ஏவி விட்டிருக்காங்க’ என்றாவது சொல்வார். மரியாதை எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் மனிதர்கள் போவார்கள். போலிச் சாமியார்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் வேலையை நம் கேலிப் பேச்சு செய்கிறது.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்றும் இருக்கிறது. மனிதனுக்குப் பெருமை அவனுடைய ஆறாவது அறிவு என்று சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்த்திருக்கிறோம். பகுத்தறிவு உள்ளவனே மனிதன் என்று மேடையில் முழங்குகிறோம். அப்படியானால் அந்த அறிவு கலங்கிப்போனவர் யார்? முதுமை மறதி நோய் வந்து பெற்ற மகளையே ‘நீ யாரும்மா?’ என்று கேட்கும் நம் அம்மா யார்? பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தை யார்? பகுத்தறிவை மனித மதிப்புக்கு அளவுகோலாக வைத்தால், பிறப்பை அளவுகோலாக வைத்தவர்களுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? அவர்கள் ஒரு கோடு போட்டு அதன் கீழே ஆட்களைத் தள்ளினார்கள். நாம் வேறொரு கோடு போட்டுத் தள்ளுகிறோம். சிந்திக்கத் தெரிந்தவருக்கு, அதைச் செய்ய முடியாத நிலையில் உள்ளவர் விஷயத்தில் கூடுதல் கடமை இருக்கிறது. வலிக்கிற எவருக்கும் உரிமை உண்டு. அதற்குத் தெளிவான புத்தி என்ற தகுதிச் சான்றிதழ் தேவையில்லை.

இதையெல்லாம் செயலில் காட்டியவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான சாரதா மேனன் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையைப் பல ஆண்டுகள் நடத்தியவர். ஓய்வு பெற்றபின் 1984-இல் சென்னையில் மனச்சிதைவு நோயாளிகளுக்கான ஆய்வு மையத்தைத் தொடங்கினார். சிகிச்சையோடு நின்றுவிடாமல் வேலைப் பயிற்சி, குடும்பத்தாருக்கு ஆலோசனை என்று அந்த மையம் வளர்ந்தது. 1993-இல் சென்னையிலேயே இரண்டு இளம் பெண்கள், வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும், தெருவில் திரிந்த மனநோயாளிப் பெண்களுக்காக ‘பான்யன்’ அமைப்பை ஆரம்பித்தார்கள். இவர்கள் யாரும் ‘முதலில் குணமாகிவிட்டு வா’ என்று சொல்லவில்லை. நோய் இருக்கும்போதே வாழ்க்கையும் இருக்கலாம் என்று காட்டினார்கள்.

இது யாரோ சிலருடைய பிரச்சினை என்றும் ஒதுங்க முடியாது. 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு மலேசியப் பெரியவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய பத்து லட்சம் பேருக்கு, மனச்சோர்வு இருப்பதாகக் கண்டது. 2019-இல் அது 2.3 விழுக்காடு. நான்கே ஆண்டுகளில் இரண்டு மடங்கு. விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்பும் ஆயிரக்கணக்கானவர்களின் நகரம் இது. தூக்கமில்லை, ஓய்வில்லை, பேச ஆளில்லை. ‘தம்போய் கேஸ்’ என்று நாம் சிரிக்கும் மேசையிலேயே அந்தப் பத்து லட்சத்தில் ஒருவர் உட்கார்ந்து நம்மோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருக்கலாம். அந்தச் சிரிப்பு அவர் உதவி கேட்பதை இன்னும் ஓராண்டு தள்ளிப்போடும்.

ஆகவே, இரண்டாம் பாகத்தைப் படித்து முடித்த வாசகரிடம் சில வேலைகளை ஒப்படைக்கிறேன். நீங்கள் மேற்பார்வையாளராக இருந்தால், மனநல மருத்துவமனையின் எம்.சி.யைப் பல் மருத்துவரின் எம்.சி. போலவே வாங்கி வையுங்கள். கேள்வி வேண்டாம், பக்கத்து மேசையில் பேச்சும் வேண்டாம். வாடகைக்கு அறை விடுபவராக இருந்தால், வாடகை ஒழுங்காக வருகிறதா என்று மட்டும் பாருங்கள். பெற்றோராக இருந்தால், ஊர்ப் பெயரைச் சொல்லிப் பிள்ளையை மிரட்டாதீர்கள். அந்தப் பிள்ளைக்கே ஒருநாள் அந்த வாசலில் நுழைய வேண்டிய தேவை வரலாம், அன்று அவன் பயந்து பின்வாங்கக் கூடாது. மேடையில் பேசுபவராக இருந்தால், மூடநம்பிக்கையை மூடநம்பிக்கை என்றே சொல்லுங்கள். நோயாளியின் பெயரைக் கடன் வாங்காதீர்கள். திரில்லர் எழுதுபவராக இருந்தால், மனநோயாளியைக் கொலைகாரராகவும் ஆக்காமல் மேதையாகவும் ஆக்காமல் ஒரு கதை எழுதிக் காட்டுங்கள். கொலையைப் பார்த்த ஒரே சாட்சி அவர்தான், அவர் சொல்வதை யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள் என்று தொடங்கினால்கூட விறுவிறுப்புக்குப் பஞ்சம் இருக்காது.

நாளைக்கும் ஒரு கொலைச் செய்தி வரும். கீழே ‘அவர் மனநலச் சிகிச்சை பெற்றுவந்தவர்’ என்று ஒரு வரி இருக்கும். நீரிழிவு இருந்திருந்தால் அந்த வரி வந்திருக்காது. அப்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள். சாட்சி என்ன? அவருக்குச் சிகிச்சை ஒழுங்காகக் கிடைத்ததா? விசாரணையின் முடிவில், அவர்தான் செய்தார், அவருக்கு நோயும் நிஜம்தான் என்று தெரியவரலாம். லார்சன் நமக்கு வைக்காத பரீட்சை அதுதான். லிஸ்பெத்துக்காக அழுவது சுலபம். அவள் அழகாக ஜெயித்துவிடுவாள். ஜெயிக்க முடியாத, தெளிய முடியாத, நன்றி சொல்லவும் தெரியாத ஒருவருக்கு அதே நீதியை அதே குரலில் நாம் கேட்கிறோமா என்பதை வைத்துத்தான் நம் பகுத்தறிவுக்கு மதிப்பெண்.